எழுதிய பொருள் ஏன் அப்படியே திரும்பி வருவதில்லை?

தம்பி, அம்பாசமுத்திரம் பக்கம் உங்கள் வீட்டு நெல் அரவை ஆலைக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கு நிரல் எழுதி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விவசாயி, வரவு, அரவை என்று மூன்று வகுப்புகள், அதாவது பொருள்களை வார்க்கும் அச்சுகள். அவற்றை ஜேசன் என்ற பொது எழுத்து வடிவக் கோப்பாக எழுதப் போனால், தேதியைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடுகிறது. தேதியை எழுத்துச் சரமாக மாற்றி எழுதினால் கோப்பு உருவாகிறது. ஆனால் திரும்பப் படிக்கும்போது உங்கள் வகுப்பு வருவதில்லை, பெயரும் மதிப்பும் கொண்ட வெறும் அகராதிதான் வருகிறது. பைத்தானுக்கே உரிய பிக்கிள் என்ற சேமிப்பு முறையில் ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் எல்லாரும் பிக்கிளை வேண்டாம் என்கிறார்கள், எந்த நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) போட்டால் பொருள் அப்படியே திரும்பி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நூலகத்தின் பெயரைச் சொல்லி ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: நிரலுக்குள் இருக்கும் ஒன்றைக் கோப்பாக எழுதும்போது எது கூடப் போகும், எது பின்தங்கிவிடும், பின்தங்கியதை மறுபக்கம் கட்டி எழுப்புவது யாருடைய வேலை? அதற்கு விடை தெரிந்துவிட்டால் நூலகத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு வணிகர்களுக்கும் ஆலைகளுக்கும் கணக்கு நிரல்கள் எழுதி வருகிறேன். நொடிக்கு லட்சம் செய்திகள் கடந்து போகும் பெரிய அமைப்புகளைக் கட்டியவன் இல்லை. ஆகவே வேகத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, தரவு எங்கே எப்படிக் கெட்டுப்போகும் என்பதைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் கூடுதலாக நம்பலாம்.

ஒரு வரவுப் பதிவுக்குள் விவசாயி இருக்கிறார் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். நினைவகத்தில் அந்தப் பதிவுக்குள் இருப்பது ஒரு முகவரிதான்: விவசாயி இன்ன இடத்தில் இருக்கிறார், போய்ப் பார் என்கிற குறிப்பு. நெல்லை டவுனில் நின்றுகொண்டு 'மேல ரத வீதி, மூன்றாம் வீடு' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆள் சரியாகப் போய்ச் சேருவார். அதே சீட்டைச் சங்கரன்கோவிலில் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அங்கும் ரத வீதி உண்டு, அங்கும் மூன்றாம் வீடு உண்டு. கதவைத் திறப்பவர் மட்டும் வேறு ஆள். நினைவகத்தில் உள்ளதை அப்படியே பைட் பைட்டாகக் கோப்பில் கொட்டி, நாளை இன்னொரு கணினியில் ஏற்றினால் இதுதான் நடக்கும். அதனால்தான் முகவரிகளையெல்லாம் களைந்து, உள்ளடக்கத்தை மட்டும் ஒரு வரிசையில் எழுதி, மறுபக்கம் புதிய முகவரிகளோடு கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சீரியலைஸ் என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

ஜேசன் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெட்டியில் மிகக் குறைவான சாமான்களே உண்டு. டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஒரு சிறு பகுதியிலிருந்து அதை எடுத்து அறிமுகப்படுத்தினார். சரம், எண், உண்மை, பொய், வெறுமை, பட்டியல், பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு, அவ்வளவுதான். தேதி கிடையாது. பைத்தானின் கணம் (செட் என்ற தொகுப்பு) கிடையாது; எழுதப் போனால் பிழை வரும். டியூப்பிள் என்ற மாற்ற முடியாத தொகுப்பு பட்டியலாக மாறிவிடும், சத்தமே இருக்காது. அகராதியில் 101 என்ற எண்ணைச் சாவியாக வைத்திருந்தால் அது '101' என்ற சரமாகத் திரும்பி வரும், அதற்கும் சத்தம் இருக்காது. உங்கள் 'விவசாயி' வகுப்பு அந்தப் பெட்டியில் எங்கே இருக்க முடியும்? பல மொழிகளும் பல இயந்திரங்களும் பேசிக்கொள்வதற்கு, எல்லாரிடமும் இருக்கிற சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது. ஆகவே வகுப்பு திரும்பி வராததைக் குறையாகப் பார்க்காதீர்கள்.

உங்கள் ஆலைக்கு வரும் லாரியின் எடைச்சீட்டை நினைத்துப் பாருங்கள். வண்டி எண், பாரத்தோடு எடை, காலி எடை, நிகர எடை, தேதி, நேரம். எடை மேடையின் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்தச் சீட்டில் இல்லை. உங்கள் ஆலையைக் கண்ணால் பார்த்திராத ஒரு கணக்கரும் அந்தச் சீட்டைப் படித்து வரவு வைத்துவிடுவார். பரிமாற்றக் கோப்பு என்பது இந்தச் சீட்டு. பிக்கிள் செய்வதோ, எடை மேடையையே கழற்றிப் பாகம் பாகமாகக் கட்டி அனுப்புவது போன்றது. பெறுபவரிடம் அதே அடித்தளம், அதே திருகுகள் இருந்தால் ஒரு நிமிடத்தில் பூட்டிவிடலாம். ஒரு திருகின் அளவு மாறினாலும் எதுவும் நிற்காது.

பிக்கிள் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. அதன் கோப்பு தரவு மட்டும் கொண்டதன்று. பொருளை எப்படிக் கட்டுவது என்ற கட்டளைகளின் வரிசை அது. அந்தக் கட்டளைகளில் எந்தச் செயற்கூறையும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டையும், அழைக்கச் சொல்ல முடியும். ஆகவே முன்பின் தெரியாதவர் கொடுத்த பிக்கிள் கோப்பைத் திறப்பது, அவர் எழுதிய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதற்குச் சமம். பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. பிக்கிளுக்கு மட்டுமான பலவீனமும் அன்று இது. இணையப் பாதுகாப்பில் மிக முக்கியமான பத்து ஆபத்துகள் என்று ஓவாஸ்ப் அமைப்பு 2017-இல் வெளியிட்ட பட்டியலில் நம்பிக்கையற்ற தரவை இப்படிப் பொருளாக மாற்றுவது தனி இடம் பெற்றது. அடுத்தது, கோப்பில் உங்கள் வகுப்பின் பெயரும் அது இருக்கும் நிரல் கோப்பின் பெயரும் பதிந்திருக்கும். நாளைக்கு அழகாக அடுக்கிவைக்க நினைத்து அந்தக் கோப்பின் பெயரை மாற்றினால், பழைய பிக்கிள்கள் திறக்காது. கடைசியாக, பைத்தான் தவிர வேறெதற்கும் அது உதவாது. ஆனால் இதனால் பிக்கிளே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரே கணினியில், ஒரே நிரல், இன்று மாலை எழுதி நாளைக் காலை அழிக்கும் இடைக்காலக் கோப்புக்கு அது நல்ல கருவி. நெல் கணக்கு அப்படிப்பட்டதன்று. வருமான வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் பல ஆண்டுகள் கழித்துக்கூட எடுத்துக் காட்ட வேண்டிய ஆவணம் அது. கோப்பு நிரலைவிட நீண்ட காலம் வாழும். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கே பார்த்ததில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு வகுப்புக்கும் கையால் இரண்டு செயற்கூறுகள் எழுதுங்கள். ஒன்று, பொருளை எளிய அகராதியாக மாற்றுவது. மற்றது, அகராதியிலிருந்து பொருளைக் கட்டுவது. இரண்டாவதில்தான் சரிபார்ப்பு முழுவதும் இருக்க வேண்டும்: எடை சுழியத்துக்கு மேல் இருக்கிறதா, தேதி தேதிதானா, விவசாயி எண் பட்டியலில் இருக்கிறதா. இதைத் தானாகச் செய்துதரும் பைடான்டிக் போன்ற நூலகங்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் மூன்று வகுப்புகளுக்குக் கையால் எழுத ஒரு பகல்கூட ஆகாது. எழுதும்போதே எந்தப் புலம் (பதிவின் ஒரு விவரம்) எந்த வடிவத்தில் போகிறது என்பது உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். முதன்முறை செய்பவருக்கு நான் கைவழியைத்தான் சொல்வேன். இது விதி அன்று, என் தீர்ப்பு.

இனித் தேதி. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். 03-04-2024 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கப் பழக்கத்தில் உள்ள நிரலுக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என்று எழுதுவதற்கு ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டு நியமம் 1988-இலிருந்தே இருக்கிறது. இப்படி எழுதினால் பெயர்வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும் என்பது கூடுதல் லாபம். பைத்தானில் தேதிப் பொருளுக்கே ஐசோஃபார்மட் என்ற செயற்கூறு உண்டு, திரும்பப் படிக்க ஃப்ரம்ஐசோஃபார்மட் உண்டு. இது எளிய பகுதி. ஆபத்தான பகுதி நேரம். ஓர் ஆலைக்கு நான் செய்த நிரலில் முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், பின்பக்கம் பைத்தான். திரையில் தேர்ந்தெடுத்த தேதியை ஜாவாஸ்கிரிப்ட் ஜேசனாக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்பது அங்கே மார்ச் 31, மாலை 6.30. பின்பக்கத்தில் நான் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் 1-இன் வரவுகள் எல்லாம் மார்ச் 31 ஆகிப் போன நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொண்டன. ஆண்டு முழுதும் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. நிதியாண்டின் எல்லையைத் தாண்டியபோதுதான் கணக்கர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து நான் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறேன். நெல் வந்த நாள் என்பது வெறும் தேதி, அதற்கு நேரமே வேண்டாம். எடை போட்ட கணம் என்பது நேரத்தோடு கூடியது. அதன் வாலில் +05:30 என்று எழுதிவிட வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு தவறான கருத்து உலவுகிறது: ஜேசன் காசுகளைத் தின்றுவிடும் என்று. பைத்தானின் மிதவை எண்ணை, அதாவது தசமப் புள்ளி எண்ணை, ஜேசனாக எழுதித் திரும்பப் பைத்தானிலேயே படித்தால் அதே எண் வரும். குறை அதற்கு முன்பே மிதவை எண்ணில் இருக்கிறது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 62.4 கிலோ என்பது 62400. புலத்தின் பெயரிலேயே அலகைச் சேர்த்து 'எடை_கிராம்' என்று எழுதிவிடுங்கள். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பது ஆலைக்கு ஆலை மாறும். நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கோட்டை என்ற பழைய நெல் அளவில் பேசுகிறார்கள். அலகு இல்லாத எண், படிப்பவரை ஊகிக்க வைக்கும்.

மெய்யான இழப்பு பெரிய முழு எண்களில் வரும். ஜேசனின் இலக்கணம் எண்ணுக்கு நீள வரம்பு எதுவும் விதிக்கவில்லை. பைத்தான் எவ்வளவு நீளமானாலும் சரியாகப் படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் எல்லா எண்களையும் மிதவையாகவே வைப்பதால், 9007199254740992-க்கு மேல் போனால் எல்லா முழு எண்களையும் பிரித்துக் காட்ட அதால் முடியாது. 9007199254740993 என்று எழுதி அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகிப் படிக்கப்படும். பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் இது நடந்தால் விவசாயியின் பணம் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். ட்விட்டர் தன் பதிவு எண்களை எண்ணாக ஒரு முறையும் சரமாக ஒரு முறையும் சேர்த்தே அனுப்பியதற்குக் காரணம் இந்த வரம்புதான். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்காதீர்கள்: கணக்கு எண், ஆதார், தொலைபேசி, அஞ்சல் குறியீடு எல்லாம் சரம். நெல்லையின் தொலைபேசிக் குறியீடு 0462. எண்ணாக்கினால் முன்னால் உள்ள சுழியம் போய் 462 என்று நிற்கும்.

தமிழ் எழுத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஆலையில் பெயரும் ஊரும் தமிழில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பைத்தான் ஜேசனை எழுதும்போது, நீங்கள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியையும் பின்சாய்வுக் கோடு, ஓர் ஆங்கில எழுத்து, நான்கு இலக்கங்கள் என்று ஆறு எழுத்துகளாக மாற்றிவிடும். 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பன்னாட்டு நியமமான யூனிகோடில் 12 குறிகள். அந்தக் குறிகளைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். மேலே சொன்ன ஆறெழுத்து முறையில் 72. தரவு கெடாது, திரும்பப் படித்தால் சரியாகவே வரும். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு ஒன்றும் புரியாது. 'என்ஷூர் ஆஸ்கி' என்ற அமைப்பைப் பொய் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே எழுதப்படும். அப்படிச் செய்யும்போது கோப்பைத் திறக்கும் இடத்தில் யுடிஎஃப்-8 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் பெரும்பாலும் எழுதும்போதே பிழை வரும். வெளியாருக்குப் போகும் ஜேசன் யுடிஎஃப்-8-இல்தான் இருக்க வேண்டும் என்று 2017 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 8259 என்ற இணைய நியம ஆவணம் சொல்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. ஒரு மொத்த வியாபாரிக்கு ஊர்வாரியாக வாடிக்கையாளர் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். அறிக்கையில் கொக்கிரகுளம் இரண்டு முறை வந்தது, இரண்டுக்கும் வேறு வேறு எண்ணிக்கை. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வேறுபாடு இல்லை. இடைவெளி ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தேன், இல்லை. இரண்டு நாள் போயிற்று. கடைசியில் இரண்டு சரங்களின் நீளத்தையும் அச்சிட்டேன்: ஒன்று 12, மற்றது 13. ஒவ்வொரு குறியாகப் பிரித்துப் பார்த்தபோது முதல் எழுத்திலேயே விடை இருந்தது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறி ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது மற்றொரு விதம். புதிதாகத் தட்டச்சு செய்தவை முதல் வகை. பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பெயர்கள் இரண்டாம் வகை. அந்தப் பழைய முறையில் கொம்பு தனி விசை, கால் தனி விசையாக இருந்ததால் எழுத்துரு மாற்றும் நிரல் அப்படியே விட்டுவிட்டது. கோவில்பட்டிக்கும் இதே கதி, அங்கே இரட்டைக்கொம்பு.

இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு நியமம் வரையறுத்திருக்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் முதல் வகையாகிவிடும். பைத்தானில் யூனிகோடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூறு அதைச் செய்யும். ஜேசன் இதைத் தானாகச் செய்யாது. வந்த குறிகளை வந்தபடியே கொண்டுபோகும். ஆகவே அகராதியிலிருந்து பொருளைக் கட்டும் உங்கள் செயற்கூறில் எல்லாப் பெயர்களையும் இந்த வழியாகக் கடத்துங்கள். ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 'சௌந்தரம்' என்று ஔகாரக் குறியோடு எழுதுவதும், 'செளந்தரம்' என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுவதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடுக்கு வேறு வேறு சொற்கள். இயல்பாக்கம் அதைச் சரிசெய்யாது. அதற்கு விவசாயிக்கு ஒரு எண் கொடுத்து, பெயரை வைத்துப் பொருத்துவதையே விட்டுவிடுவதுதான் வழி.

அந்த எண் இன்னொரு சிக்கலையும் தீர்க்கும். ஒரே விவசாயி பிசானம் என்ற நெல் பருவத்தில் மூன்று லோடு நெல் கொண்டுவருகிறார். நினைவகத்தில் மூன்று வரவும் ஒரே விவசாயிப் பொருளைச் சுட்டுகின்றன. ஜேசனாக எழுதும்போது அவர் விவரம் மூன்று முறை எழுதப்படும். திரும்பப் படித்தால் மூன்று தனித்தனி விவசாயிகள் வந்து நிற்பார்கள். ஒருவருடைய தொலைபேசி எண்ணைத் திருத்தினால் மற்ற இருவரிடமும் பழைய எண்ணே இருக்கும். விவசாயிக்குள் அவருடைய வரவுகளின் பட்டியலையும், வரவுக்குள் விவசாயியையும் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகும் என்று நூலகம் எழுத மறுத்துவிடும். பிக்கிள் இதைச் சரியாகக் கையாளும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜேசனில் விவசாயிகளைத் தனிப் பட்டியலாக எழுதி, வரவில் எண்ணை மட்டும் வையுங்கள். படிக்கும்போது முதலில் விவசாயிகள், பிறகு வரவுகள்.

ஈரப்பதம் அளக்காத லோடு உங்களிடம் இருக்கத்தான் செய்யும். அதைச் சுழியம் என்று எழுதாதீர்கள். பிறகு சராசரி எடுக்கும்போது அது உண்மையான அளவீடாகக் கலந்துவிடும். வெறுமை என்று எழுதுங்கள். தரவை பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகம் வழியாகக் கொண்டுவந்தால், காலியிடம் 'எண் அல்ல' என்ற சிறப்பு மிதவையாக மாறியிருக்கும். பைத்தான் அதைக் கேள்வி கேட்காமல் கோப்பில் எழுதிவிடும், ஆனால் அது ஜேசன் இலக்கணத்திலேயே இல்லாதது. ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கோப்பு முழுவதையும் நிராகரிக்கும். பருவத்தைப் பதியும்போதும் கவனம் வேண்டும். கார்ப் பருவம் ஒரே ஆண்டுக்குள் முடிந்துவிடும். பிசானம் ஆண்டைத் தாண்டிப் போகும். 'பிசானம் 2024' என்று எழுதினால் 2023-இல் நட்டதா, 2024-இல் நட்டதா? '2023-24' என்று முழுதாக எழுதுங்கள். நெல் ரகத்திலும் 'அம்பை 16', 'அம்பை16', 'ஏஎஸ்டி 16' என்று மூன்று பெயரில் ஒரே ரகம் சேர்ந்துவிடும். ரகத்துக்கும் குறியீடு கொடுத்துவிடுவது நல்லது.

கோப்பின் தலையில் 'பதிப்பு: 1' என்று ஒரு புலம் வையுங்கள். இப்போது வீண் என்று தோன்றும். 1986-இல் தூத்துக்குடிப் பகுதி பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. நம் மாவட்டமும் ஒரு காலத்தில் கட்டபொம்மன் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் அந்தப் பெயர்கள் எல்லாம் மாறின. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கடையத்திலிருந்து உங்கள் ஆலைக்கு நெல் கொண்டுவரும் விவசாயி வீடு மாறவில்லை, வயல் மாறவில்லை. கோப்பில் அவருடைய மாவட்டம் மாறியாக வேண்டும். பழைய கோப்பைப் படிக்கும் நிரலுக்கு, இது எந்தக் காலத்து வழக்கில் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் சரியாக மாற்ற முடியும். புதிய புலம் சேர்த்தால், அது இல்லாத பழைய கோப்பைப் படிக்கும்போது என்ன மதிப்பு வைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தெரியாத புலம் வந்தால் தாண்டிப் போகச் செய்யுங்கள். ஒரு புலத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றுவதை எந்நாளும் செய்யாதீர்கள். கிலோவாக இருந்த 'எடை' ஒரு நாள் கிராம் ஆனால் எந்த நூலகமும் கண்டுபிடிக்காது. கூகுள் 2008-இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோபஃப் என்ற பரிமாற்ற வடிவம் இதை விதியாகவே வைத்திருக்கிறது: ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண், நீக்கிய புலத்தின் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. அது கச்சிதமானது, வேகமானது. ஆனால் உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது என்பது என் கணிப்பு. நாளுக்கு எத்தனை லோடு என்று நீங்கள் சொல்லவில்லை, ஓர் ஆலை என்பதை வைத்துச் சொல்கிறேன்.

மற்ற வடிவங்களை நீங்கள் தேர்ந்தெடுப்பதைவிட எதிரில் இருப்பவர் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம். உங்கள் கணக்கர் டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தைக் கேட்கக்கூடும். ஜிஎஸ்டி தளம் ஜேசன் வாங்கும். அங்கே இ-இன்வாய்ஸ் ஜேசனில் தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் இருக்க வேண்டும், நான் மேலே சொன்ன ஐஎஸ்ஓ வரிசையில் அனுப்பினால் ஏற்காது. இதற்காக உங்கள் உள் வடிவத்தை மாற்றாதீர்கள்; வாசலில் மட்டும் மாற்றிக் கொடுங்கள். எக்செலுக்கு சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு, கொடுத்தால் '12/5' என்ற கதவு எண்ணை அது தேதியாக்கிவிடும், 0462-இன் சுழியத்தைத் தின்றுவிடும். கோப்பின் முதலில் யுடிஎஃப்-8 என்பதைக் காட்டும் மூன்று பைட் குறி இல்லாவிட்டால் தமிழைப் பெரும்பாலும் குப்பையாகக் காட்டும். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிட்டு எழுதினால் அந்தக் குறி சேர்ந்துவிடும். அதே குறியை ஜேசன் கோப்பில் சேர்த்துவிடாதீர்கள், அங்கே அது கூடாது.

நியமம் உறுதி தராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புலங்களின் வரிசை நீங்கள் எழுதியபடியே வரும் என்பது பைத்தானின் பழக்கம், ஜேசனின் வாக்குறுதி அன்று. ஒரே பெயரில் இரண்டு புலங்கள் இருந்தால் பல நூலகங்கள் கடைசியை எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இரண்டையும் நம்பி எதையும் கட்டாதீர்கள்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு எழுந்த ஓர் ஐயம்: நீங்கள் ஜேசனைத் தேடுவது அனுப்புவதற்கா, சேமித்து வைப்பதற்கா? சேமிப்பதற்கு என்றால் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும், பைத்தானோடு கூடவே வருகிறது. ஒரு வரவைத் திருத்த முழுக் கோப்பையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. வெளியே அனுப்பவும் காப்புநகல் எடுக்கவும் ஜேசன். அப்படியும் ஜேசனிலேயே சேமிப்பதானால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள். பாதி எழுதிய கோப்பில் கடைசி அடைப்பு இல்லாததால் வழக்கமான நூலகம் அந்த முழுக் கோப்பையுமே படிக்க மறுக்கும். வேறு பெயரில் ஒரு கோப்பை முழுதாக எழுதி வட்டில் பதிந்த பிறகு, பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள். பைத்தானில் ஓஎஸ் நூலகத்தின் ரிப்ளேஸ் அதைச் செய்யும். அல்லது வரிக்கு ஒரு பதிவு என்று எழுதுங்கள், மின்சாரம் போனால் பெரும்பாலும் கடைசி வரி மட்டும் போகும்.

இதுவரை பிக்கிளில் சேர்த்து வைத்த கோப்புகள் உங்களிடம் இருக்கும். வகுப்பின் பெயரையோ கோப்பின் பெயரையோ மாற்றுவதற்கு முன், இன்றைய நிரலையும் இன்றைய பைத்தான் பதிப்பையும் அப்படியே ஒரு தனி அடைவில் நகல் எடுத்து வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பிக்கிளையும் திறந்து புதிய வடிவத்தில் எழுதுங்கள். எழுதியதைப் புதிய நிரலால் திரும்பப் படித்து, விவசாயிகளின் எண்ணிக்கை, வரவுகளின் எண்ணிக்கை, மொத்த எடை ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரு கிராம் வித்தியாசம் வந்தாலும் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். சோதனைக்கு ஒரு விவசாயியை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்: ஊர் கொக்கிரகுளம், கதவு எண் 12/5, வந்த நாள் ஏப்ரல் 1, ஈரப்பதம் அளக்கவில்லை, பதினாறு இலக்க வங்கிக் கணக்கு. அவர் போய்ச் சேதமில்லாமல் திரும்பி வந்தால் மற்றவர்களையும் அனுப்பலாம்.